பெயர்களுக்குக் காவலிருந்தவர்

எங்கள் ஊருக்கு இரண்டு பெயர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் ரயிலில் வருபவருக்கு நிலையப் பலகை பொம்மிடி என்று காட்டும். இறங்கி ஊருக்குள் நடந்தால், பேரூராட்சி அலுவலகப் பலகை பொ. மல்லாபுரம் என்று காட்டும். முன்னால் நிற்கும் அந்த ஓரெழுத்து பொம்மிடியைக் குறிப்பது. என் ஆராய்ச்சிப் படிப்புக் காலத்தில் வட இந்திய நண்பர் ஒருவர் அந்த ஓரெழுத்தையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் விட்டுவிட்டு எழுதிய கடிதம், கேரளத்தின் மலப்புரம் வரை சென்று, உறை நிறைய முத்திரைகளோடு வெகு தாமதமாக என் கைக்கு வந்தது. பெயர் ஏறத்தாழச் சரி. சென்ற இடம்தான் தவறு.

கடந்த ஆண்டு கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் அந்தக் கடிதம் மீண்டும் நினைவுக்கு வந்தது. பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டு மாணவி, ஒரு கல்லூரியின் பழைய விவரக் கையேட்டில் அச்சிடப்பட்டிருந்த இணைய முகவரியைத் தந்தையின் கைப்பேசியில் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்திருக்கிறார். திறந்ததோ பணம் வைத்துச் சீட்டாடும் தளம். மகள் எதையோ தேடுகிறாள் என்று தந்தை கடிந்துகொள்ள, விண்ணப்பிக்கும் எண்ணத்தையே கைவிட்டவராக அவர் என்னிடம் வந்தார்.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. அக்கல்லூரி புதிய இணைய முகவரிக்கு மாறிவிட்டது. பழைய பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தாமல் விட்டுவிட்டது. காலாவதியான பெயரை வேறு யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள். பெயர் அப்படியே இருக்க, அது காட்டும் இடம் மட்டும் எப்படி மாற முடியும் என்று அந்த மாணவி கேட்டார். அக்கேள்விக்கு முழுமையாக விடை சொல்ல முற்பட்டால், இணையத்தின் பெயர்களையும் எண்களையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பேணிக்காத்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஜான் போஸ்டல்.

குறிப்பேட்டில் தொடங்கிய பணி

ஜொனாதன் போஸ்டல் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில் இணையத்தின் தந்தையருள் ஒருவர் எனப் போற்றப்பட்ட விண்டன் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் ஆகிய இருவரும் அதே பள்ளியின் மாணவர்கள் என்பது வியப்புக்குரியது. போஸ்டல் முதலில் உள்ளூர்க் கல்லூரியொன்றில் பயின்று, பிறகு லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966-இல் பொறியியல் பட்டமும், 1968-இல் முதுநிலைப் பட்டமும், 1974-இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவர் ஆய்வு மாணவராக இருந்த காலம் உலக வரலாற்றின் ஒரு திருப்புமுனை. தொலைதூரக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1969 அக்டோபர் 29 அன்று அதன் முதல் செய்தி சென்றது போஸ்டல் பணியாற்றிய பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்துதான். அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அது அனுப்பப்பட்டது.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால், எந்த எண் எதைக் குறிக்கும் என்பதில் இரண்டுக்கும் உடன்பாடு இருக்க வேண்டும். ஒரே எண்ணை இருவர் வெவ்வேறு பொருளில் பயன்படுத்தினால் செய்தி திசை மாறிவிடும். எந்தப் பணிக்கு எந்த எண் என்று யாரேனும் ஒருவர் எழுதிவைக்க வேண்டியிருந்தது. புகழோ பொருளோ தராத அந்தக் கணக்குப்பிள்ளை வேலையை இளைஞரான போஸ்டல் தாமாக ஏற்றுக்கொண்டார். தொடக்கத்தில் அதற்கு ஒரு குறிப்பேடே போதுமானதாக இருந்தது. 1972-இல் இந்த எண்களைக் கவனிக்கத் தனியாக ஒருவர் வேண்டும் என்று சக ஆய்வாளர்களுக்கு முறையாக எழுதியவரும் அவரே. அந்தப் பொறுப்பு அவரிடமே நிலைத்தும்விட்டது.

இன்னொரு பணியும் அவர் தோளில் ஏறியது. வலையமைப்பின் விதிமுறைகளை வரையறுக்கக் குரோக்கர் 1969 ஏப்ரலில் ஓர் ஆவண வரிசையைத் தொடங்கியிருந்தார். கருத்துக் கேட்கும் குறிப்புகள் என்ற அடக்கமான தலைப்பைத் தாங்கிய அவ்வரிசைக்குப் பதிப்பாசிரியராக விளங்கியவர் போஸ்டல். வாழ்நாள் இறுதிவரை அப்பொறுப்பை அவர் விடவில்லை. அவர் மறைந்தபோது அவ்வரிசையில் 2,400-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளிவந்திருந்தன. அவற்றுள் 200-க்கும் மேற்பட்டவற்றை அவரே தனித்தோ பிறருடன் சேர்ந்தோ எழுதியிருந்தார். இன்றளவும் இணையத்தைத் தாங்கி நிற்கும் ஐபி, டிசிபி ஆகிய நெறிமுறைகளின் 1981-ஆம் ஆண்டு ஆவணங்கள் அவர் கையால் பதிப்பிக்கப்பட்டவை. மின்னஞ்சல் செல்லும் முறையை வகுத்த 1982-ஆம் ஆண்டு ஆவணம் அவர் எழுதியது. அனுப்புவதில் கண்டிப்பும் பெறுவதில் பெருந்தன்மையும் வேண்டும் என்பது கணினிகளுக்கு அவர் வகுத்த நெறி. மனிதர்க்கும் பொருந்தும் அந்நெறி, பொறியாளர்களிடையே இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பட்டியல் போதாமற்போன நாள்

சில நிறுவனங்களில் பணியாற்றிய பின், 1977-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் போஸ்டல் சேர்ந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். நீண்ட தாடி, செருப்பணிந்த கால்கள், விடுமுறை கிடைத்தால் சியெரா நெவாடா மலைகளில் நெடுநடை என எளிமையாக வாழ்ந்தவர் அவர்.

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. மனிதருக்கு எண்கள் நினைவில் நிற்பதில்லை, பெயர்களே நிற்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு பராமரித்துவந்தது. புதிய கணினியை இணைப்பவர் அக்குழுவுக்குத் தெரிவிப்பார், பட்டியல் திருத்தப்படும், மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் சில நூறாக இருந்தவரை இம்முறை தாங்கியது. எண்ணிக்கை பெருகியபோது, பட்டியல் திருத்தப்பட்டு எல்லோரையும் சென்றடைவதற்குள் அது பழையதாகிவிட்டது. ஒரு பெயர் பழைய எண்ணைச் சுட்டிக்கொண்டிருக்கும் நோய் அப்போதே தோன்றிவிட்டது.

இதற்குத் தீர்வு காணும் பணியைப் போஸ்டல் தம் நிறுவனத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ் என்ற இளம் ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். முன்வைக்கப்பட்டிருந்த யோசனைகளை ஒப்பிட்டு ஒரு முடிவு சொல்லும்படிதான் அவர் கேட்டார். மொக்கபெட்ரிஸோ புதியதொரு முறையையே வடிவமைத்துவிட்டார். 1983 நவம்பரில் வெளியான அதுதான் டிஎன்எஸ் எனப்படும் டொமைன் பெயர் முறைமை. பட்டியலை ஒரே இடத்தில் வைக்காமல், பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தளிப்பதே அதன் அடிப்படை.

இம்முறை நமக்குப் புதியதன்று. நம் அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகப்படுத்திய ஆறிலக்கக் குறியீட்டு எண்ணும் இவ்வாறே இயங்குகிறது. பொம்மிடியின் எண் 635301. முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்த்தே குறிக்கும். இரண்டாம் இலக்கத்தில் வழி பிரிகிறது. கேரளத்து எண்கள் 67, 68, 69 எனத் தொடங்கும். மூன்றாம் இலக்கம் கடிதங்கள் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் அஞ்சலகத்தையும் காட்டும். எங்கோ ஒரு நகரத்தில் கடிதத்தைப் பிரிப்பவருக்குப் பொம்மிடி எங்கிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அடுத்து யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில் வரும் டாட் இன், டாட் காம் போன்ற பகுதிக்கு யார் பொறுப்பு என்பதை ரூட் சர்வர் எனப்படும் வேர்க் கணினிகள் சொல்லும். அப்பொறுப்பாளரின் கணினி அடுத்த பகுதிக்கு உரியவரைக் காட்டும். அவருடைய கணினி இறுதியான எண்ணைத் தரும்.

பெயர் எங்கே தடம் மாறுகிறது?

ஒவ்வொரு முறையும் வேர் வரை சென்று கேட்டால் காலம் வீணாகும். ஆகவே, ஒருமுறை கிடைத்த விடையைக் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ள இடைநிலைக் கணினிகளுக்கு அனுமதி உண்டு. ஊர் முனையிலுள்ள தேநீர்க் கடைக்காரரை நினைத்துக்கொள்ளலாம். புதிதாக வருபவர்களுக்கு அவர் வழி சொல்கிறார். ஒருவர் வேறு தெருவுக்குக் குடிபெயர்ந்தது தெரியும்வரை பழைய வீட்டையே காட்டுவார். அதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆனால் தீயவன் ஒருவன் அவரிடம் பொய்யான முகவரியைச் சொல்லி நம்பவைத்துவிட்டால், அவர் நல்லெண்ணத்தோடே எல்லோரையும் தவறான வீட்டுக்கு அனுப்புவார். பதிவேட்டிலேயே பிழை நேர்ந்தாலோ, கேட்பவர் அனைவருக்கும் பிழையான விடையே கிடைக்கும். உரிமையாளர் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், பதிவேட்டில் பெயர் வேறொருவர் பக்கத்துக்கு முறைப்படியே மாறிவிடும். எங்கள் மாணவிக்கு நேர்ந்தது இந்தக் கடைசி வகை.

இவற்றுள் எதிலும் இயந்திரம் தானாகத் தவறு செய்யவில்லை. பதிவேட்டைப் பேண வேண்டிய யாரோ ஒருவர் பேணவில்லை. அல்லது யாரோ ஒருவர் அதில் கைவைத்துவிட்டார். இதைப் போஸ்டல் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் வகுத்த விதிகளே சான்று.

1984 அக்டோபரில் அவரும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் இணைந்து வெளியிட்ட ஆவணம், இன்று நாமறிந்த பெயர்ப் பிரிவுகளுக்கு வடிவம் தந்தது. நாடுகளுக்கு ஈரெழுத்துப் பெயர்கள் ஒதுக்கப்பட்டன. எது நாடு, எது நாடன்று என்ற அரசியல் வழக்கில் சிக்கிக்கொள்ளாமல், பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பின் ஏற்கெனவே உள்ள பட்டியலை அவர் கைக்கொண்டார். அம்முறையில் 1989 மே மாதத்தில் இந்தியாவுக்கு டாட் இன் வழங்கப்பட்டது. மும்பையில் எஸ். ரமணி தலைமையில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதன் பொறுப்பை ஏற்றது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை கிடைத்தது 1995 ஆகஸ்டில்தான். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே இணையத்தில் நமக்கொரு பெயர் பதிவாகிவிட்டது.

1994 மார்ச்சில் போஸ்டல் எழுதிய மற்றோர் ஆவணத்தைப் பொருளியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பெயர்ப் பிரிவை நிர்வகிப்பவர் அதன் உடைமையாளர் அல்லர். அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் அறங்காவலர் என்பது அதன் சாரம். உரிமை, உடைமை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பொறுப்பும் சேவையுமே பேசத்தக்கவை என்று அவர் வரையறுத்தார். நிலத்தையும் நீரையும் பற்றி நம் நாட்டில் காலங்காலமாக நடக்கும் விவாதத்தின் நடுநாடி இதுதான்.

பணம் நுழைந்த பிறகு

பெயருக்கு விலை வந்தபோது அவருடைய சோதனைக் காலம் தொடங்கியது. டாட் காம் உள்ளிட்ட பெயர்களைப் பதிவுசெய்யும் ஒப்பந்தத்தை 1993-இல் பெற்ற நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், 1995 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 50 டாலர் வீதம், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் வசூலிக்க அனுமதிக்கப்பட்டது. அதுவரை பயனாளருக்கு இலவசமாக இருந்த பொதுப் பண்டம் ஒரே இரவில் முற்றுரிமைச் சரக்காயிற்று. புதிய பெயர்ப் பிரிவுகளை உருவாக்கிப் போட்டியைக் கொண்டுவரப் போஸ்டல் 1996-இல் திட்டம் முன்வைத்தார். வணிகக் குறி உரிமையாளர்களும் அரசுகளும் நிறுவனங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அது நிறைவேறவில்லை. லண்டனிலிருந்து வெளியாகும் தி எக்கனாமிஸ்ட் இதழ் அவரை இணையத்தின் கடவுளோடு ஒப்பிட்டு எழுதியது இக்காலத்தில்தான். கடவுளின் கையில் சட்டபூர்வமான அதிகாரப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை என்பதே முரண்.

1997 ஜூலையில் இரண்டு நிகழ்வுகள் உலகை உலுக்கின. பெயர்ப் பதிவு முற்றுரிமையை எதிர்த்த யூஜின் காஷ்புரெஃப் என்பவர், இடைநிலைக் கணினிகளின் நினைவில் பொய்யான விவரத்தை நுழைத்து, இன்டர்நிக் என்ற பதிவுத் தளத்தை நாடியவர்களைத் தம் தளத்துக்குத் திருப்பினார். தேநீர்க் கடைக்காரரிடம் பொய் சொன்ன கதை இது. அதே மாதம் 17-ஆம் நாள், டாட் காம், டாட் நெட் பெயர்களின் பதிவேடு சிதைந்த நிலையில் உலகெங்கும் அனுப்பப்பட்டது. எச்சரிக்கை மணி ஒலித்தும் பணியிலிருந்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எண்ணற்ற தளங்கள் சில மணி நேரம் காணாமற்போயின. முதலாவதற்குக் காரணம் சூழ்ச்சி. இரண்டாவதற்குக் காரணம் அலட்சியம்.

வேர்க் கணினிகள் அப்போது மொத்தம் 13. அனைத்தும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வைத்திருந்த தலைமைக் கணினியிலிருந்தே பதிவேட்டைப் படியெடுத்துவந்தன. 1998 ஜனவரி 28 அன்று, அவற்றுள் எட்டின் பொறுப்பாளர்களுக்குப் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். இனித் தம் நிறுவனத்திலுள்ள கணினியிலிருந்து படியெடுக்கும்படி கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் உடன்பட்டனர். அவர்களைக் கட்டாயப்படுத்த அவரிடம் ஒப்பந்தமும் இல்லை, ஊதியமும் இல்லை. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை மட்டுமே இருந்தது. இரண்டு இடங்களிலும் ஒரே விவரமே இருந்ததால் எந்தப் பெயரும் இடம் மாறவில்லை. பயனாளர் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் வாஷிங்டன் அதிர்ந்தது. அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தொடர்புகொண்டு பேசியபின், அது ஒரு சோதனை முயற்சியே என்று விளக்கமளித்துப் போஸ்டல் பழைய நிலையை மீட்டார்.

அச்செயல் சரியா, தவறா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் பார்வையில் அது ஓர் உண்மையை வெளிச்சமிட்டது. உலகப் பொருளாதாரம் சாயத் தொடங்கியிருந்த ஒரு தூண், ஒரு தனிமனிதரின் நாணயத்தின் மேல் நின்றது. அந்த நாணயம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் மனிதர் நிலையானவர் அல்லர். இதை அவரே அறிந்திருந்தார். 1991-இல் அவருக்கு இதய வால்வு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. தம் குறிப்பேட்டை ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கும் வேலையில் கடைசி ஆண்டைச் செலவிட்டார். ஐகான் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 1998 செப்டம்பர் இறுதியில் பதிவாயிற்று. அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக அவர் பொறுப்பேற்கவிருந்தார். அதற்குள் மீண்டும் இதய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அதன் பின்விளைவுகளால் அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. அவர் பேணிவந்த ஆவண வரிசையிலேயே விண்டன் செர்ஃப் அவருக்கான இரங்கலுரையை வெளியிட்டார்.

நமக்குள்ள பங்கு

அவர் மறைவுக்குப் பின் பாதுகாப்பு வலுத்திருக்கிறது. இடைநிலைக் கணினிகளை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்பதை 2008-இல் டான் கமின்ஸ்கி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொல்ல, நிறுவனங்கள் ஒன்றுகூடித் திருத்தம் செய்தன. 2010 ஜூலையில் வேர்ப் பதிவேட்டுக்கே மின்கையொப்பப் பாதுகாப்பு வந்தது. நம் ரிசர்வ் வங்கி 2025-இல், வங்கிகள் அனைத்தும் பேங்க் டாட் இன் என முடியும் பெயர்களுக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டு, அக்டோபர் 31-ஐக் கெடுவாக விதித்தது. போலி வங்கித் தளங்களில் பணத்தைப் பறிகொடுக்கும் எளிய மக்களுக்கு இது நல்ல காப்பு.

ஆனால், மின்கையொப்பமோ ஆணையோ தடுக்க முடியாத பிழை ஒன்று உண்டு. அது மறதி. கல்லூரிகளும் ஊராட்சிகளும் சங்கங்களும் ஆர்வத்தோடு ஒரு பெயரைப் பதிவுசெய்கின்றன. சுவரிலும் அழைப்பிதழிலும் அச்சிடுகின்றன. பதிவுசெய்து கொடுத்தவர் வேலை மாறிப்போகிறார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குச் செல்கிறது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவதாக நினைத்து, பல ஆண்டுகள் சேர்த்த நம்பிக்கையை யாருக்கோ விற்றுவிடுகிறோம். கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படும் ஏசி டாட் இன், எஜு டாட் இன் பெயர்களை நம் கல்லூரிகள் பயன்படுத்த வேண்டும். புதிய பெயருக்கு மாறினாலும் பழைய பெயரைக் கைவிடாமல், அதை நாடி வருபவரைப் புதிய இடத்துக்கு ஆற்றுப்படுத்த வேண்டும். சொத்துப் பதிவேட்டில் கட்டடத்தையும் நிலத்தையும் எழுதுவதுபோல் இணையப் பெயரையும், அதைப் புதுப்பிக்க வேண்டிய நாளையும், பொறுப்பாளரின் பதவியையும் எழுதிவைக்க வேண்டும்.

அந்த மாணவியை அக்கல்லூரியின் இன்றைய தளத்துக்கு அழைத்துச் சென்றேன்; அவருடைய தந்தையையும் அருகில் அமர்த்தி, தவறு மகளுடையதன்று என்று விளக்கினேன். கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பம் சென்று சேர்ந்தது. எத்தனை பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருப்பார் என்பதுதான் என் கவலை. ஒரு பெயரை ஊரறியச் சொல்லிவிட்டால், அதைத் தேடி வரும் கடைசி ஆள் வரை அதைப் பேணுவது சொன்னவர் கடமை. ஒரு குறிப்பேட்டோடு தொடங்கி வாழ்நாள் முழுவதும் அக்கடமையைச் செய்தவர் ஜான் போஸ்டல். நமக்கு வாய்த்த ஒரே ஒரு பெயரையேனும் நாம் அவ்வாறு காக்க வேண்டாமா?

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), பொம்மிடி.